அடுப்புக்கு மேலே தொங்கும் மிருதங்கம்

எங்கள் வீட்டில் மிருதங்கம் சமையலறையில் இருக்கிறது. அடுப்புக்கு நேர் மேலே, உத்தரத்திலிருந்து கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பக்கத்தில் ஒரு பலகையில் உப்பு ஜாடியும் தீப்பெட்டிகள் போட்ட தகர டப்பாவும். இந்தத் தீவில் சூடு காட்டாமல் வைத்தால் உப்பு தண்ணீராகிவிடும், தீக்குச்சி பற்றாது, தோல் தொய்ந்துவிடும். மூன்றுக்கும் ஒரே வைத்தியம் என்பதால் ஒரே இடம். காலையில் காபிக்குத் தண்ணீர் கொதிக்கும்போது எட்டி வலந்தலையில் ஒரு தட்டு, இடந்தலையில் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பேன். வெளியே எட்டிப் பார்க்காமலே அன்றைக்கு மழை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடலாம். ஒருமுறை போர்ட் பிளேரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, சாமி அறையில் இருக்க வேண்டிய வாத்தியத்தைப் புளிப் பானைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறீர்களே என்று வருத்தப்பட்டார். சாமி அறையில் வைத்தால் அதில் பூஞ்சைதான் வாசிக்கும் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தமானில் ரங்கத் என்கிற இந்த ஊருக்கு நான் வந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். பொதுப்பணித் துறையில் குமாஸ்தா. கும்பகோணத்தில் அப்போது என்னை ஒரு மிருதங்கக்காரன் என்று நாலு பேர் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். வைத்தி என்று எனக்கு ஒரு சிநேகிதன், பாடுகிறவன். சிறு வயதிலிருந்து அவன் பாட, நான் வாசிக்க, இரண்டு பேரும் ஒன்றாகவே வளர்ந்தோம். கல்யாணக் கச்சேரி, ராமநவமிப் பந்தல் என்று அவனுக்கு அழைப்பு வரும்போது கூடவே எனக்கும் வரும். ஆனால் அதை நம்பி ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்த முடியாது. அரசாங்க வேலைக்கான உத்தரவு வந்தது; அந்தமான் என்று போட்டிருந்தது. இரண்டு வருஷம் இருந்துவிட்டு மெயின்லேண்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன், அதுவரை கையைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்று வைத்தியிடம் சொல்லிவிட்டு, புதிதாகக் கட்டிய மனைவியோடு கப்பலேறினேன். இங்கே வருகிற எல்லாரும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் வருகிறார்கள். போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் என் சகா ஒருவர் டிரங்குப் பெட்டியைப் பிரிக்காமலே வருஷக்கணக்காகக் குடித்தனம் நடத்தினார். சட்டை வேண்டுமென்றால் பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டு மறுபடி பூட்டுவார். அலமாரி வாங்கினால் தங்கிவிடுவோமோ என்று பயம். என்னுடைய டிரங்குப் பெட்டி இந்த மிருதங்கம்தான். அதை எடுத்து வாசிக்கிற நேரமெல்லாம் நான் இன்னும் கும்பகோணத்தில்தான் இருக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

முதல் மழைக்காலம் அந்தப் பேச்சை நிறுத்திவிட்டது. நம் ஊரில் மழை வரும், போகும். இங்கே மே மாதம் வந்து உட்காருகிற மழை டிசம்பருக்குத்தான் எழுந்திருக்கிறது. குவார்ட்டர்ஸ் மரத்தால் ஆனது, தரையிலிருந்து கால் ஊன்றித் தூக்கிக் கட்டியது. பலகைகளுக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். மிருதங்கத்தை எடுத்து அடித்தால் ஈரத் துணியைத் துவைக்கிற சத்தம் வந்தது. நான் ஒரு வாரம் ஜுரக்காரன் மாதிரி கிடந்தேன். கடைசியில் என் மனைவி மங்களம்தான் அதைத் தூக்கி அடுப்புக்கு மேலே கட்டச் சொன்னாள்.

"உப்பே அங்கதான் பொழச்சுக் கெடக்கு. இதுவும் பொழைக்கட்டும்" என்றாள்.

மாலையில் ஆபீஸ் விட்டு வந்து வராந்தாவில் உட்கார்ந்து வாசிப்பேன். கேட்க ஆள் கிடையாது. கடை வைத்திருந்த ஒரு ராமநாதபுரத்துக்காரர் எப்போதாவது வந்து உட்கார்ந்து, கப்பல் எப்போது வரும், வெங்காயம் எப்போது வரும் என்று பேசிவிட்டுப் போவார். மற்றபடி எதிரே தெரிகிற காட்டுக்குத்தான் வாசித்தேன். காடு தலையாட்டுவதில்லை.

வாசிக்கிற பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மிருதங்கத்தின் வலது பக்கத்துத் தோலில் இருக்கும் கறுப்பு வட்டம் நிலையானது. இடது பக்கத்துக்கு அப்படி எதுவும் இல்லை. ஒவ்வொரு முறை வாசிக்கும் முன்பும் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தோலின் நடுவில் அப்ப வேண்டும். அந்தக் கனம்தான் தொப்பி என்கிற அந்த இடது பக்கத்துக்கு அடிக்குரலைக் கொடுக்கிறது. வாசித்து முடித்ததும் அதைச் சுரண்டி எறிந்துவிடுவோம். சிறு வயதிலிருந்து நான் எறிந்த ரவையைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. இங்கே ரவை கப்பலில் வருகிற சாமான் என்பதால் மங்களம் மட்டும் முணுமுணுப்பாள்.

ஒரு நாள் மாலை நான் வாசித்து முடித்து, மாவைச் சுரண்டி வாசல் பக்கம் விட்டெறிந்தபோது, படியருகே ஓர் ஆள் நிற்பதைப் பார்த்தேன். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்து, இங்கே காட்டை வெட்டி வயலாக்கிக் குடியேறிய விவசாயிகளில் ஒருவர். நிதாய் என்று பெயர். அவர் வயலுக்குப் பக்கத்தில் சாலை போடும்போது வாய்க்கால் அடைபட்டுப்போனது பற்றிச் சொல்ல ஆபீசுக்கு இரண்டு தடவை வந்திருந்தார். குனிந்து அந்த மாவைப் பொறுக்கினார். ஒட்டியிருந்த மண்ணை விரலால் தட்டிவிட்டு, தோளில் கிடந்த துண்டின் முனையில் முடிந்துகொண்டார்.

"பாபு, ஏ ஹம் லே ஜாத்தா ஹை" என்றார். இதை நான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்று அர்த்தம். என் ஹிந்தி அப்போது அவ்வளவுக்குத்தான் வரும். அவருடைய ஹிந்தியும் வங்காளத்தில் ஊறியது. தாராளமாக என்று தலையாட்டினேன்.

எனக்கு ஒரே பெருமை. வாத்தியத்தில் இருந்த மாவைப் பிரசாதமாக எடுத்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். ஊரில் எத்தனையோ கச்சேரி வாசித்தேன், ஒருவர்கூட இப்படிச் செய்ததில்லை, பார், இந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது என்று மங்களத்திடம் சொன்னேன். அவர் அதற்குப் பிறகு அடிக்கடி வந்தார். முடியும் வரை நின்று, மாவை வாங்கிக்கொண்டு போனார். அவர் வருகிற நாளில் நான் கொஞ்சம் கூடுதலாகவே ரவை பிசைந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு எங்களை அழைத்தார். வயல் நடுவே மண் சுவர் வீடு, முற்றத்தில் துளசி, ஒரு குட்டை, நிறைய வாத்துகள். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தபோது, முந்தின நாள் கொண்டுபோன மாவை அவர் சின்னச் சின்னதாகக் கிள்ளி வாத்துகளுக்குப் போட்டார். மங்களம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிரசாதம் வாத்துக்குப் போகிறது என்று அதற்கு அர்த்தம். நான் அசட்டுச் சிரிப்புடன், இதற்காகத்தானா எடுத்துக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. மெதுவாக, எனக்குப் புரியும்படி உடைத்து உடைத்துச் சொன்னார். அவர் பையனாக இருந்தபோது வங்காளத்தில் பெரிய பஞ்சம். சோறு கேட்டால் யாரும் தர மாட்டார்கள் என்று தெரிந்து, வடித்த கஞ்சியாவது ஊற்றுங்கள் என்று வாசல் வாசலாக நின்று கேட்டிருக்கிறார்கள். அவருடைய தங்கை அப்படி ஒரு வாசலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அதனால் கோதுமை மண்ணில் விழுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை. அவ்வளவுதான். என் வாசிப்பு எப்படி என்று அதுவரை அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்ப என் வாசிப்பைக் கேட்க வரலையா?" என்று அரைகுறை ஹிந்தியில் கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அந்த இடத்தில் எனக்கு அதுதான் வாயில் வந்தது.

அவர் மிச்ச மாவையும் வாத்துகளுக்குப் போட்டார். "அச்சா பஜாத்தா ஹை. லேகின் அகேலா பஜாத்தா ஹை" என்றார். நன்றாகத்தான் வாசிக்கிறாய், ஆனால் தனியாக வாசிக்கிறாய். பிறகு உள்ளே போய், மண்ணால் செய்த ஒரு மத்தளத்தை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்தார். கோல் என்பார்கள்; மிருதங்கம் என்றும் சொல்வதுண்டு. ஒரு பக்கம் மிகச் சிறியது, மறு பக்கம் பெரியது. சனிக்கிழமை மாலைகளில் அவர்கள் கிராமத்தில் ஹரிநாம கீர்த்தனம் உண்டு, வா என்றார்.

போனேன். அந்த முதல் சனிக்கிழமையை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அங்கே உட்கார்ந்து வாசிப்பது கிடையாது. மத்தளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பாடுகிறவர்களோடு வட்டமாக நடக்க வேண்டும். என்னுடையது பலாமரம், கழுத்தை அறுத்தது. ஒரே நாமத்தைத் திருப்பித் திருப்பிப் பாடினார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு இளக்காரம். இந்த எளிய தாளத்துக்கு நம் சரக்கைக் கொஞ்சம் காட்டுவோம் என்று கணக்குகளை அவிழ்த்துவிட்டேன். வேகம் கூட்டி, வாசிப்பை முடித்து வைக்கிற தீர்மானம் ஒன்றை நீளமாக மூன்று முறை அடுக்கி, சரியான இடத்தில் கொண்டுபோய் இறக்கி, கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். கும்பகோணமாக இருந்தால் அந்த இடத்தில் பந்தலே "ஆகா" என்றிருக்கும். இங்கே யாரும் என்னைப் பார்க்கவில்லை. யாரும் நிற்கவில்லை. பாட்டு ஓடிக்கொண்டேயிருந்தது. பின்னால் வந்த ஒரு கிழவர் நான் வழியை மறித்து நின்றதால் என் மேல் மோதி, முதுகில் லேசாகத் தட்டி, நட என்று சைகை காட்டினார்.

கோபத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன். இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று சொன்னேன். அடுத்த சனிக்கிழமை வந்ததும் மங்களம் மிருதங்கத்தை இறக்கித் துடைத்து வாசலில் வைத்துவிட்டாள். "காட்டுக்கு வாசிக்கிறதுக்கு அவங்களுக்கு வாசிச்சா என்ன கொறஞ்சா போயிடும்?" என்றாள். அப்படியே போய்ப் போய், சில மாதங்களில் எனக்கு ஒன்று பிடிபட்டது. அங்கே வாசிப்புக்கு முடிவு கிடையாது. யாரையும் மலைக்க வைக்க வேண்டியதில்லை. பாடுகிறவனுடைய மூச்சு தளரும்போது நம் கை கொஞ்சம் தாங்கினால் போதும். ஒரு மாலை முழுக்க வாசித்துவிட்டு வருவேன். என்ன வாசித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் அன்றைக்குச் சோறு ருசியாக இருக்கும். நம் ஊரில் சாப்பிட்டு எழுகிறவரைத்தான் திருப்தியா என்று கேட்போம். கச்சேரி முடிந்து எழுகிற மிருதங்கக்காரனை யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. எப்படி இருந்தது என்று அவன்தான் மற்றவர்களைக் கேட்டுக்கொண்டு நிற்பான்.

இடையில் ஒரு மழைக்காலத்தில் தொப்பித் தோல் கிழிந்துவிட்டது. தஞ்சாவூருக்கு அனுப்பித் தோல் மூட்டு மாற்றி வாங்க இரண்டு கப்பல் போய் வர வேண்டும். காளி பூஜைக்கு வெட்டிய ஆட்டின் தோலை நிதாய்தா கொண்டுவந்தார். நிதாய்தா என்றால் நிதாய் அண்ணன். அதற்குள் அப்படிக் கூப்பிடப் பழகியிருந்தேன். இரண்டு பேருமாக அதைப் பாடம் செய்து, ஒரு தடவை கெடுத்து, மறு தடவை எப்படியோ இழுத்துக் கட்டினோம். சத்தம் தஞ்சாவூர்த் தோலின் சத்தமாக இல்லை. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் நீளமான முனகல். மழைக்கு மட்டும் அது அசையவில்லை.

இரண்டு வருஷம் என்று வந்தவன் பத்து வருஷத்தை நெருங்கியபோது, மெட்ராஸ் ஆபீசில் ஒரு இடம் காலியாகிறது, சம்மதமா என்று கேட்டு எழுதினார்கள். நான் எத்தனையோ முறை எழுதிக் கேட்டதுதான். லீவு எடுத்துக்கொண்டு மூன்று பேரும் கப்பலேறினோம்: நான், மங்களம், மிருதங்கம். வைத்தி அதற்குள் பெரிய வித்வானாகியிருந்தான். என்னை மறக்கவில்லை. "ராமநவமிக்கு நீதான் வாசிக்கறே. சரியா வந்துதுன்னா மெட்ராசுக்கு வந்துடு. என்கூடவே இருந்துடலாம்" என்றான். சம்மதக் கடிதத்தை நான் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கச்சேரிக்குக் காத்திருந்தேன். என் வாழ்க்கையில் எதற்கும் அப்படிக் காத்திருந்ததில்லை.

கச்சேரிக்கு முன்பு தஞ்சாவூரில் தோல் மாற்றக் கொடுத்தேன். மிருதங்கம் கட்டுகிறவர் தொப்பியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர்த் தோல் சாமி? எடுத்துடட்டுமா?" என்றார். எடுக்கச் சொல்ல என் வாய் வரவில்லை. வலந்தலையை மட்டும் புதிதாக்கி வாங்கினேன்.

வைத்தி அற்புதமாகப் பாடினான். நான் தவறு எதுவும் செய்யவில்லை, கணக்கு பிசகவில்லை. பெரிய உருப்படி முடிந்ததும் வைத்தியும் பிடில்காரரும் நிறுத்திவிட்டு, தனிக்காக என் பக்கம் திரும்பினார்கள். இனி மிருதங்கம் மட்டும்தான். பந்தல் முழுக்க என் கையைப் பார்க்கும். இளவயதில் இதற்காகவே கச்சேரிக்குப் போவேன். அன்றைக்கு அந்த நிசப்தம் எனக்குப் பயமாக இருந்தது. எல்லாரும் ஏன் பாடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு கணம் நிஜமாகவே தோன்றியது. கை தானாக, யாரோ பாடுகிறார்கள், யாரோ நடக்கிறார்கள் என்பது போல, அவர்களைத் தாங்கிக்கொண்டு போகிற வாசிப்பையே வாசித்தது. தீர்மானம் வைக்க வேண்டிய இடம் வந்தது, போனது. பிறகு எப்படியோ ஒன்றை வைத்து முடித்தேன். மரியாதைக்குக் கைதட்டினார்கள்.

பந்தலுக்குப் பின்னால் வைத்தி என் தோளில் கை போட்டான். அவன் பொய் சொல்லமாட்டான், அதுதான் அவனிடம் எனக்குப் பிடித்தது.

"கை கெட்டுப் போகலடா. நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ எனக்கு வாசிக்கல. வேற யாருக்கோ வாசிக்கிறே. அங்க யாருடா பாடறா?"

நான் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான். பாவம், ஒரு வருஷம் இருந்து பழகினால் சரியாகிவிடும் என்றும் சொன்னான். சரியாகியும் இருக்கலாம். அன்று மாலை காவிரிப் படித்துறையில் உட்கார்ந்து அழுதேன். இதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. நான் காப்பாற்றி வைத்திருப்பதாக நினைத்த கை, எனக்குத் தெரியாமலே வேறு ஊருக்குக் குடிபோயிருந்தது. அதைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வர வேண்டுமென்றால் அந்தச் சனிக்கிழமைகளையெல்லாம் அழிக்க வேண்டும். மங்களம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "போட்டுட்டீங்களா கையெழுத்து?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப மழைக்கு முன்னாடி போயிடலாம். வீட்டைப் பூட்டி வச்சா எல்லாம் பூத்துப் போயிடும்" என்றாள். எந்த வீட்டை என்று நான் கேட்கவில்லை.

இதை ஒரு தியாகம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஊரில் இருந்து படிக்கிறவர்கள், தீவில் போய் ஞானம் அடைந்துவிட்டான் என்று நினைப்பீர்கள். அப்படியும் ஒன்றும் இல்லை. தபாலில் வருகிற பழைய பத்திரிகையில் வைத்தியின் படமும், பக்கத்தில் வேறொருவர் மிருதங்கமும் தெரியும்போது எனக்கு நெஞ்சில் எரிகிறது. அந்த எரிச்சல் போய்விட்டால்தான் திருப்தி என்றால் எனக்குத் திருப்தி இல்லை. எரிச்சலோடும் பசிக்கிறது, எரிச்சலோடும் வாசிக்கிறேன். என்னைப் போலப் பெட்டியைப் பிரிக்காமல் இருப்பவர்களுக்கு நான் சொல்ல முடிவது இதுதான்: பெட்டிக்குள் வைத்ததும் வெளியே இருப்பதைப் போலவே மாறிக்கொண்டுதான் இருக்கிறது. பூட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

திரும்பி வந்த முதல் சனிக்கிழமை கீர்த்தனத்துக்குப் போனேன். பாட்டு சூடு பிடித்த நேரத்தில், ஒரு மாதம் வைத்தியோடு இருந்த பழக்கமோ என்னவோ, என் கை ஒரு தீர்மானத்தை அடுக்கி முடித்துவிட்டது. நின்று, நிமிர்ந்து பார்த்தேன். பாட்டு என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நிதாய்தா நடையை நிறுத்தாமலே திரும்பி, பக்கத்தில் வந்தவரிடம் சொன்னார்:

"பாபு அபி தக் ஜகாஜ் சே நஹி உத்ரா."

பாபு இன்னும் கப்பலிலிருந்து இறங்கவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு நடந்தேன்.

இப்போது அடுப்புக்கு மேலே தொங்குகிற மிருதங்கத்தில் வலந்தலை தஞ்சாவூர், இடந்தலை ரங்கத். மழை பிடித்தால் தஞ்சாவூர்த் தோல் தொய்கிறது, ரங்கத் தோல் அசைவதில்லை. வெயில் அடித்தால் தஞ்சாவூர் கணீரென்று எழுந்துவிடுகிறது, ரங்கத் முனகிக்கொண்டு கிடக்கிறது. காலையில் காபிக்குத் தண்ணீர் கொதிக்கும்போது அந்தப் பக்கம் ஒரு தட்டு, இந்தப் பக்கம் ஒரு தட்டு தட்டிப் பார்க்கிறேன். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கிற நாள் வருஷத்தில் அபூர்வம். அந்த நாளில் வராந்தாவில் உட்கார்ந்து, கும்பகோணத்தில் வாசித்ததையெல்லாம் ஒருமுறை வாசிக்கிறேன். சேராத நாட்களிலும் சனிக்கிழமை வந்துவிடுகிறது. ரவையைப் பிசைந்து அப்பிக்கொண்டு, கழுத்தில் மாட்டிக்கொண்டு, வயல் வழியே நடக்கிறேன். முடிந்ததும் நிதாய்தா வீட்டு முற்றத்தில் நான் மாவைச் சுரண்டுகிற சத்தம் கேட்டு குட்டையிலிருந்து வாத்துகள் ஏறி வருகின்றன.